எடுத்து வைத்த துப்பாக்கி

கிருபாசங்கர் என் சித்தப்பா மகன். என்னைவிட எட்டு மாதம் இளையவன். அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. என் மனைவி பூவாத்தாளுக்குத் தெரியும், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் காடு. இரண்டிலும் மக்காச்சோளம். அவனிடம் துப்பாக்கி உண்டு. பொழுது சாயும்போது காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒன்று சுடுவான். பன்றிகள் மிரண்டு ஓடும். எங்கே ஓடும்? வேலியை முட்டிக்கொண்டு என் காட்டுக்குள்தான். போன வெள்ளாமையில் அவன் காட்டில் கதிர் முற்றி நின்றது. என் காடு ஏர் ஓட்டிப் போட்ட மாதிரி கிடந்தது. இந்த வெள்ளாமையும் அப்படிப் போனால் நான் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் நானும் மனுப் போட்டு, தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று செருப்புத் தேய நடந்து துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினேன். அதில் ஒரு தேதி போட்டிருந்தது. அந்தத் தேதிக்குள் துப்பாக்கி வாங்கிப் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் உரிமம் போச்சு, மறுபடியும் மனுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிது வாங்க எனக்கு வசதி இல்லை. தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழையது ஒன்று கிடைக்குமா என்று கோயமுத்தூரில் அழகிரிசாமியின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கிருபாசங்கர் போகிற கடையும் அதுதான். வேறு கடை எனக்குத் தெரியாது.

அழகிரிசாமி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பழசு ஒன்றும் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க என்றார். உரிமத்தை நீட்டினேன். வச்சிருங்க வச்சிருங்க, சரக்கு வந்தாப் பாத்துக்கலாம் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பீரோவில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி சாய்ந்து நின்றது. அதைக் கேட்டால், அது சொல்லி வச்சதுங்க என்றார். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டே ஆளை வெளியே அனுப்பும் வித்தை அவருக்கு வரும். சண்டை போடவும் வழியில்லை.

இரண்டாம் தடவை போனபோது உள்ளே கிருபாசங்கர் இருந்தான். அவனுக்கு நாற்காலி, டீ, ஒரு தட்டில் முறுக்கு. அழகிரிசாமி நின்றுகொண்டே பேசினார். அவன் கையில் புத்தம் புதுத் துப்பாக்கி. ஒன்று போதாதா இவனுக்கு? எதிர் பேக்கரியில் முக்கால் மணி நேரம் ஒளிந்து நின்று, அவன் கார் கிளம்பியதும் உள்ளே போனேன். அதற்குள் நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டிருந்தார்கள். எனக்கும் அதே பதில்தான், அடுத்த வாரம்.

எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தால் எந்த ஊர், யார் வீடு, யாருக்குப் பங்காளி என்று சொல்லிக்கொள்வோம். சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி. நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவன் பெயரைச் சொல்ல வேண்டும், அதற்கு என் நாக்கு வளையவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. மூன்றாம் தடவையும் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பினேன்.

நான்காம் தடவை போனது உரிமத்தில் போட்ட கடைசி நாள். அன்றைக்கு விடவில்லை. ஒரு மாதமாக அந்தத் துப்பாக்கி அங்கேயேதான் நிற்கிறது, சொல்லி வைத்தவர் வராவிட்டால் எனக்குக் கொடுத்தால் என்ன என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அழகிரிசாமி முதல் தடவையாகச் செல்போனைக் கீழே வைத்தார்.

“அது கிருபாசங்கர் குடுத்ததுங்க. அவரு புதுசு வாங்கிப்போட்டாரு. இத அவரோட அண்ணன் திருமூர்த்தி வந்தாக் கம்மி வெலைக்குக் குடுக்கோணும், நான் குடுத்ததுன்னு சொல்லக் கூடாதுன்னாருங்க. நீங்க அவருங்களா?”

சொல்லக் கூடாது என்றதையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்தத் துப்பாக்கியின் சத்தத்தில்தான் என் வெள்ளாமை அழிந்தது. இனி அவனுக்குப் புதுசு, எனக்கு அவன் கழித்துப் போட்டது. அதுவும் இரக்கப்பட்டு, எனக்கே தெரியாமல். அவன் நல்ல மனசை நினைத்து எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை, எரிந்தது. திருமூர்த்தி என்று என் பெயர் எழுதிய உரிமம் என் சட்டைப் பையில் இருந்தது.

“இல்லீங்க. அவரு வேற ஆளுங்க” என்றேன்.

மறுநாள் காலை அந்த உரிமம் வெறும் காகிதம். கடைக்காரன் மதிக்கவில்லை, துப்பாக்கி கிடைக்கவில்லை என்று பூவாத்தாளிடம் சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கிருபாசங்கர் காட்டுக்கு வந்தான். துப்பாக்கி வாங்கியாச்சா என்று மெதுவாகக் கேட்டான். உட்காரச் சொல்லாதது, உரிமத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. பூவாத்தாளும் பக்கத்தில் நிற்க, அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு அழகிரிசாமியைக் கூப்பிட்டான்.

“என்ற அண்ணன ஒரு மாசமா நிக்க வச்சே அனுப்பியிருக்கறீங்க. நாஞ் சொன்னதுக்கு இதுதான் மரியாதைங்களா?”

“திருமூர்த்தின்னு யாரும் வரலீங்க” என்றார் அழகிரிசாமி. “ஒருத்தரு நாலு தடவ வந்தாரு. நீங்க அவருங்களான்னு நேராவே கேட்டனுங்க, இல்லைன்னு சொல்லிப்போட்டாரு. கேமராவுல படம் இருக்குது, அனுப்பறனுங்க.”

படம் வந்தது. கிருபாசங்கர் அதை வெகுநேரம் பார்த்தான். நான் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருங்க அது என்று பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள். அவன் திரையை அணைத்துச் செல்போனைப் பைக்குள் போட்டான்.

“யாரோ, தெரியலீங்க அண்ணி” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க மறுக்கா மனுப் போடுங்கண்ணா. அதுவரைக்கும் உங்க காட்டுலயும் நானே வந்து சுட்டுத் தர்றேன்” என்றான்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை. வரப்பு மேல் அவன் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்த்துவிட்டதே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.