வெண்டெல் பெயரில் எதுவுமில்லை

நான் ஓய்வு பெற்ற அன்று துலூத் நகரமே அழுததில் ஏரி இரண்டு அங்குலம் உயர்ந்தது. அதை நம்பாவிட்டால் போகட்டும், இதை நம்புங்கள். அந்த ஏரித் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தின் தரவுத்தளங்களை முப்பத்தொரு வருடம் நான்தான் மேய்த்தேன். பக்கத்து மேசையில் வெண்டெல். போன மார்ச்சில் அவன் இறந்தான். ஏப்ரலில் அவன் மனைவி ஆர்டிஸ் என் வாசலில் வந்து நின்றாள்.

"ப்ரிட்டா பேசினதெல்லாம் உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான் இருக்காம்டி வெர்னா. சாகறதுக்கு முன்னாடி வெண்டெல் 'என் பேர்ல இருக்கு'ன்னான். அதுக்கு மேல வாயே தொறக்கல."

ப்ரிட்டா அவர்கள் மகள். காது கேட்காது, கைகளால் பேசுவாள். ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தபோது பக்கத்தில் வெண்டெல் மட்டும்தான். பனிப்புயலில் சாலை மூடி, ஆர்டிஸால் வந்து சேர முடியவில்லை. கடைசியாக மகள் என்ன சொன்னாள் என்று ஆர்டிஸ் இருபத்தாறு வருடம் அவனைக் கேட்டுப் பார்த்தாள். "எழுதி வச்சிருக்கேன், கேக்காதே" என்பதுதான் அவன் பதில்.

அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். என் நாற்காலியில் இப்போது க்ளிஃப்.

"வாங்க மகாராணி! சிம்மாசனத்தைத் திருப்பிக் கேக்க வந்தீங்களா?"

"நீ உக்காந்த நாற்காலி எனக்கெதுக்குடா? எந்தத் தரவுத்தளத்துக்கெல்லாம் வெண்டெல் உரிமையாளர்னு தேடு."

தட்டினான். ஒரு வரிசைகூட வரவில்லை.

"பொய் சொல்லிட்டானா?" ஆர்டிஸின் குரல் சிறுத்துப் போனது.

"அவன் கம்ப்யூட்டர் கணக்கை எப்ப நீக்கினீங்க?" என்று க்ளிஃபைக் கேட்டேன்.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள்."

ஆளை நீக்கினால் அவன் உருவாக்கியது அழியாது. உரிமையாளர் பெயர் இருந்த கட்டம்தான் காலியாகும். காலிக் கட்டத்தை எங்கள் தொழிலில் 'நல்' என்போம். க்ளிஃப் உரிமையாளருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு 'நல்' என்று அடித்தான். அதற்கும் ஒன்றும் வரவில்லை. நான் சிரித்த சிரிப்பில் துறைமுகத்துப் பறவைகள் கனடாவுக்கே பறந்துவிட்டன.

"நல் எதுக்கும் சமமில்லடா, இன்னொரு நல்லுக்கும்கூட! சமக்குறிய எடுத்துட்டு 'இஸ் நல்'னு போடு."

மூன்று வந்தன. இரண்டு பழைய சரக்குப் பட்டியல்கள். மூன்றாவதன் பெயர் 'கைப்பேச்சு'.

திறந்தோம். தேதி, ப்ரிட்டா சொன்னது, வெண்டெலின் குறிப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிசைகள். இதில் ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

"'விழுந்த பல்லை நாய்க்குக் குடுத்தேன், இனி அது ரெண்டு மடங்கு கடிக்கும்'" என்று ஆர்டிஸ் வாய்விட்டுப் படித்தாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசிக்குப் போடி."

போனேன்.

'அம்மா கேட்டா, நான் பயப்படலன்னு சொல்லு.'

பக்கத்துக் கட்டத்தில் வெண்டெல் எழுதியிருந்தான்: 'பயந்தாள். ரொம்ப. ஆர்டிஸிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.'

"கழுதை," என்றாள் ஆர்டிஸ் மெல்ல. "இத்தனை வருஷமும் தனியா வச்சிருந்திருக்கான்."

அதற்குப் பிறகு அவள் வாய் அசையவில்லை. இரண்டு கைகளும் எழுந்தன. வருடக்கணக்கில் மடங்கிக் கிடந்த விரல்கள் விறைப்போடு பிரிந்தன. நெஞ்சுக்கு முன்னால் அவற்றை விரித்து, மூடி, திரையைப் பார்த்து எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று க்ளிஃப் என் காதில் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் அந்தக் கைப்பேச்சு தெரிந்த மற்ற இருவரும் போய்விட்டார்கள்.