வேட்டைப் பங்கு

சித்ரா டீச்சராகிய நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று ஊரே முடிவு கட்டிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த ஊரில் விசாரணை என்றால் அப்படித்தான்.

மாசி மாதத்தில் ஆண்களெல்லாம் சாமி பேரைச் சொல்லி முயல் வேட்டைக்குப் போவார்கள். பிடித்து வந்ததைக் கோயில் முன்னால் அறுத்து, வீட்டுக்கு ஒரு பங்கு. ஒரு துண்டு எலும்புதான் கிடைக்கும் என்றாலும் எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டும். பங்கு போகாத வீடு ஊரில் இல்லாத வீடு. வாடகைக்குக் குடியிருக்கிற எனக்குக்கூடக் கடந்த இரண்டு வருடமும் இலையில் கட்டி அனுப்பினார்கள். இந்த வருடம் காட்டோரத்தில் வனத்துறை ஜீப் காத்திருந்தது. வலைகளைப் பறிமுதல் செய்து, வேட்டைக்கு வந்தவர்கள் மேல் வழக்கும் போட்டு அனுப்பினார்கள். ஊர் ஆண்கள் முதல் தடவையாக வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

பழி என் மேல் விழுந்ததற்குக் காரணம் எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம். எனக்கு ஓர் எரிச்சல் உண்டு. கண்மாய்க்கு வருகிற பறவைகள் பயந்துவிடும் என்று இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்தப் பெருமையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பேசுவார்கள். அதே வாயால்தான் முயலையும் கடிக்கிறார்கள். இதை வகுப்பில் அப்படியே கேட்டுவிட்டேன்.

பாண்டீஸ்வரி எழுந்தாள். வேட்டைக்கு முன்னால் நின்று கூட்டிப் போகிற சோணையின் மகள்.

"நாரையெல்லாம் நம்மள நம்பி வந்து குஞ்சு பொரிக்கிது டீச்சர். அதைத் தொடக் கூடாது. முயலு சாமி நமக்குன்னு விட்டது. அதுக்கும் ஒரு முறை இருக்கு. ரெண்டும் வேற வேற."

என்ன முறை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு பிள்ளை எதிர்த்துப் பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சட்டத்துல சாமி முயல், சாதா முயல்னு எல்லாம் கிடையாது, உட்காரு" என்றேன். வேட்டையைப் பார்த்தால் இங்கே சொல்லுங்கள் என்று வனத்துறை எண்ணையும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

விசாரணை அன்று கோயில் முன்னால் ஊர்த் தலைவரான அம்பலம் தங்கச்சாமி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். ஓரமாக என் வகுப்புப் பிள்ளைகள்.

"நம்பி வீடு குடுத்தோம் டீச்சர். நீங்க செஞ்சது நாயமா?"

"நான் போன் பண்ணல" என்றேன். அது உண்மை.

சோணை முன்னால் வந்தார். "அப்ப இந்தப் புள்ளைகள்ல ஒண்ணுதான். எந்த வீட்டுப் புள்ளையா இருந்தாலும் சரி, அந்த வீட்டுக்கு இனிமே பங்கு கிடையாது. நல்லது கெட்டதுக்கு ஊரு போகாது. என்ன சொல்றீக?"

கூட்டம் சரி என்றது. பாண்டீஸ்வரியைப் பார்த்தேன். முகம் வெளுத்துப்போய் நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மனுசன் தன் வீட்டையே ஒதுக்கிவைக்கத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான் பண்ணேன்" என்றேன். "பயத்துல இல்லைன்னுட்டேன்."

"பார்த்தீகளா, வெளியூர்க்காரி புத்தி!" என்று ஒரு பொம்பளை காறித் துப்பினாள். இந்த மாதத்தோடு வீட்டைக் காலி பண்ணச் சொன்னார் தங்கச்சாமி. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. என் பாடம் ஒரு பிள்ளைக்காவது ஏறியிருக்கிறது, அந்தப் பிள்ளையை நான் காப்பாற்றியும் விட்டேன் என்று.

சந்து திரும்பும் முன் பின்னாலேயே ஓடி வந்தாள் பாண்டீஸ்வரி. நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கள யாரு டீச்சர் ஒத்துக்கச் சொன்னது?" கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்க வீட்டை ஒதுக்கிருவாங்கடி."

"ஒதுக்கட்டும். நீங்க பாடம் நடத்துனீகன்னு நான் போன் பண்ணல. சினை முயல் விழுந்தா வலையத் தூக்கி விட்டுறணும். அதுதான் முறை. எங்கப்பாதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. போன மாசியில அறுக்கையில ஒரு முயல் வயித்துக்குள்ள ரெண்டு குட்டி கெடந்துச்சு. எல்லாரும் பார்த்தாக. வாயத் தொறக்காம பங்கு போட்டாக. நான் கேட்டதுக்கு அப்பா அறைஞ்சுச்சு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு பண்ணதுன்னு ஊரு தேடும், அப்ப சொல்லலாம்னு இருந்தேன். நிக்கையில நாக்கு எழல. எழும்புறதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீக. இப்ப வெளியூர்க்காரி பண்ணதுன்னு முடிச்சுட்டாக. அந்தக் குட்டிகளப் பத்தி இனி யாரு பேசுவா? வகுப்புலயும் என்னையப் பேச விடல, இங்கயும் விடல."

செருப்பால் அடித்தது போலிருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பிக் கோயிலைப் பார்த்து நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. "இவ எதுக்குத் திரும்பி வாரா?" என்று யாரோ கத்தினார்கள்.

"நான் பொய் சொன்னேன். நான் போன் பண்ணல" என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் ஒதுங்கி நின்றேன். நடுவில் இடம் விட்டேன்.

பாண்டீஸ்வரி வந்து நின்றாள். "அம்மா போன்ல நான்தான் பண்ணேன்" என்றாள்.

சோணை பாய்ந்து வந்து கையை ஓங்கினார். அவள் நகரவில்லை.

"அடிங்கப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. போன மாசியில அந்த ரெண்டு குட்டியையும் எந்த வீட்டுப் பங்குல வச்சீக?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. தங்கச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூட்டத்தில் ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்கப்பா" என்றாள் பாண்டீஸ்வரி மறுபடியும்.