மூன்றாவது ஃப்ளூட்

பிலிப்பைன்ஸில் இலோய்லோ ஊர்க்காரர்கள் திட்டினாலும் தாலாட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதனால் போன வருடம் ஆர்க்கெஸ்ட்ரேஷன் பாடத்தில் ஆர்லினைப் பெயிலாக்கிய மேம் கொன்சூலோ, செல்லமாக 'இந்தாய்' என்று கூப்பிட்டு அதற்குக் காரணம் சொன்னபோது, அவள் அதைப் பாராட்டு என்று நினைத்து "தேங்க்யூ மேம்" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கே, இந்தாய். ஒரு தப்பு கிடையாது. ஆனா வீடு கட்டி, பெயிண்ட் அடிச்சு, திரைச்சீலையெல்லாம் மாட்டியிருக்கே. உள்ள ஆளே இல்ல."

பியானோவுக்காக எழுதிய ஒரு சின்ன இசையை எடுத்து, இந்த வரி வயலினுக்கு, அந்த வரி கிளாரினெட்டுக்கு என்று ஆர்க்கெஸ்ட்ரா முழுவதற்கும் பங்கு போட்டு எழுதுவதுதான் அந்தப் பாடம். இறுதித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் பியானோ இசையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுதிக்கொண்டு வந்ததைக் கல்லூரி ஆர்க்கெஸ்ட்ரா ஒரே ஒரு தடவை வாசிக்கும். மேம் கொன்சூலோவும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் கேட்டு முடிவு சொல்வார்கள். இரண்டாம் முறையும் பெயிலானால் இசையமைப்புத் துறையின் கதவு சாத்தப்பட்டுவிடும். பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர் படிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான். அந்த வேலையில் குறை ஒன்றுமில்லை, ஆர்லினின் அம்மாவுக்கே அதுதான் உத்தியோகம். ஆனால் சொந்தமாக ஒன்றை எழுதி, அதை நாலு பேர் வாசிக்கத் தான் கேட்க வேண்டும் என்பது ஆர்லினைச் சிறு வயதிலேயே பிடித்த பைத்தியம். அந்தப் பைத்தியம் தெளிந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

இந்த வருடம் கொடுத்த பியானோ இசை ஒரு பக்கம்கூட வராது. நடுவில் ஓர் இடத்தில் இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மிக உயரத்தில் போயின. அதை அவள் இரண்டு ஃப்ளூட்டுகளுக்குக் கொடுத்தாள். அவ்வளவு உயரத்தில் இரண்டு ஃப்ளூட்டை நெருக்கமாக எழுதாதீர்கள் என்று மேம் வகுப்பில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதுண்டு. ஆனால் போன வருடம் சொன்னதையெல்லாம் கேட்டுத்தானே பெயிலானாள்.

கல்லூரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எழுதியதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் அவர்களுக்குப் பட்சோய் வாங்கித் தர வேண்டும். நூடுல்ஸ் சூப்பில் பொரித்த பன்றித் தோல் மிதக்காமல் இலோய்லோவில் ஒரு ஃப்ளூட்டும் ஊதாது. கல்லூரி ஆர்க்கெஸ்ட்ராவின் இரண்டு ஃப்ளூட்டுக்காரர்களான தெக்லாவும் ரூவெலும் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பயிற்சி அறைக்கு வந்து அவள் எழுதியதைப் பார்த்தார்கள்.

"இவ்வளவு உயரத்துலயா? நாய்க்கா எழுதியிருக்கே?" என்றான் ரூவெல்.

"சாப்பிட்டேல்ல, ஊது."

ஊதினார்கள். இரண்டு சத்தமும் ஊசி மாதிரி காதில் இறங்கின. உடனே அவற்றுக்குக் கீழே, வெகு ஆழத்தில், மூன்றாவதாக ஒன்று கேட்டது. ஆர்லின் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

தெக்லா சிரித்தாள். "பயந்துட்டியா? அது எப்பவும் வர்றதுதான்டி. உயரத்துல ரெண்டு ஃப்ளூட் நெருங்கிப் போனா, ரெண்டும் உரசி அடியில ஒரு சத்தம் கேக்கும். வெளிய யாரும் ஊதல. உன் காதுக்குள்ளயேதான் பொறக்குது."

அது உண்மைதான், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு சுரங்களையும் கொண்டு கணக்குப் போட்டால் மூன்றாவது எந்தச் சுரமாக வரும் என்பதையும் சொல்லிவிடலாம். ஆர்லின் கணக்குப் போட்டு, வந்த சுரங்களைப் பியானோவில் தட்டிப் பார்த்தாள். மேலும் கீழும் தாவும் வெறும் இரைச்சல்தான் வந்தது.

"இன்னொரு தடவை ஊதுங்க" என்றாள்.

இம்முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கணக்கில் வந்த சுரங்கள் அதில் இல்லை. அது அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, ஒரு மெட்டைப் பாடியது. நெஞ்சைப் பிசையும் மெட்டு. தன்னால் ஏழு பிறவி எடுத்தாலும் இப்படி ஒன்றை எழுத முடியாது என்று ஆர்லினுக்குத் தோன்றியது, பொறாமையாகக்கூட இருந்தது. ரூவெலுக்குத் தும்மல் வந்து ஃப்ளூட்டை இறக்கினான். தெக்லாவும் நிறுத்தினாள். மூன்றாவது மட்டும், வாசலைத் தாண்டிப் போகிறவர் திரும்பிப் பார்ப்பதைப் போல, கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அடங்கியது.

"கேட்டுச்சா?"

"என்ன கேட்டுச்சா? அந்த இரைச்சலா?" என்றான் ரூவெல், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

தெக்லா ஃப்ளூட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். ரூவெல் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் தெக்லா மெல்லச் சொன்னாள்: "நான் சொல்றத கேளு. அந்த இடத்தைக் கிளாரினெட்டுக்குக் குடுத்துரு. அதுல இந்தச் சத்தமெல்லாம் வராது."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அதான் சொல்றேன். எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு யாரோ என் ஃப்ளூட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. எங்க ஊர்ல மரத்தடியில ஒண்ணுக்குப் போனாக்கூட அங்க இருக்கிற கண்ணுக்குத் தெரியாததுங்ககிட்ட 'தபி தபி, கொஞ்சம் விலகிக்கோங்க'ன்னு சொல்லிட்டுத்தான் போவோம். நீ வாங்க வாங்கன்னு பாய் விரிக்கிற."

ஆர்லின் வீட்டுக்குப் போய்க் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது, போன வருடம் எழுதியதைப் போலவே, உள்ளே ஆளில்லாமல். அதைக் கிழித்துப் போட்டாள். பிறகு அவள் செய்ததுதான் வினையாகப் போனது. அந்த மூன்றாவது சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். செல்லோக்களை நிறுத்தினாள். கொம்பு வாத்தியங்களை நிறுத்தினாள். ஒவ்வொரு வரியாக ஓய்வுக் குறி போட்டுக்கொண்டே போய், கடைசியில் இரண்டு ஃப்ளூட்டை மட்டும் விட்டுவைத்தாள். பியானோ இசையில் முடிவாக இருந்த நான்கு கனத்த சுரக்கட்டுகளைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. முடிக்காமல் கொண்டுபோனால் பெயில் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மூன்றாவது சத்தமே முடித்துக்கொள்ளும் என்று நம்பினாள். தேர்வு வரைக்கும் அவளுக்கு இருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

தேர்வு அன்று அரங்கில் ஃபேன் ஓடினாலும் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஆர்லினின் தாள்களை ஸ்டாண்டுகளில் வைத்தார்கள். தெக்லா தன் தாளைப் பார்த்தாள், ஆர்லினைப் பார்த்தாள், பிறகு ஃப்ளூட்டை எடுத்தாள். தேர்வில் ஸ்டாண்டில் இருப்பதை வாசித்தே ஆக வேண்டும்.

வயலின்கள் தொடங்கின, ஒவ்வொன்றாக விலகின. இரண்டு ஃப்ளூட்டுகள் மட்டும் மிஞ்சின. அது வந்தது. பயிற்சி அறையில் கேட்டதைவிடப் பெரிதாக, அரங்கின் தரைக்கு அடியிலிருந்து எழுவதைப் போல வந்தது. ஆசிரியர்கள் மூவரும் தலை நிமிர்ந்தார்கள். வயலின்காரப் பெண் ஒருத்தி தன் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகும் கேட்டிருக்க வேண்டும், கையை மெதுவாக எடுத்துவிட்டாள். ஃப்ளூட்டுகளின் கடைசிச் சுரம் முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் கோலை இறக்கினார். தெக்லாவும் ரூவெலும் ஃப்ளூட்டை மடியில் வைத்தார்கள்.

யாரும் ஊதாத அரங்கில் அந்த மெட்டு தொடர்ந்தது. நான்கு கனத்த சுரக்கட்டுகள் இருக்க வேண்டிய இடத்தை நிதானமாக நிரப்பி, அழகாக முடிந்தது.

மேம் கொன்சூலோவின் கன்னம் நனைந்திருந்தது. "இப்ப உள்ள ஆள் இருக்கு, இந்தாய்" என்றார். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். இசையமைப்புத் துறைப் பட்டியலில் அவள் பெயர் ஏறியது. அம்மா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மற்றவர்களுக்கு அரங்கிலேயே முடிந்த சத்தம் ஆர்லினுக்கு முடியவில்லை. ஜீப்னி வண்டியில் வீட்டுக்குப் போகும்போது கேட்டது, சாப்பிடும்போது கேட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. புது வகுப்பில் சொந்தமாக ஒரு மெட்டு எழுதிவரச் சொன்னார்கள். தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மனதுக்குள் தன் மெட்டைத் தேடினாள். ஒரு சுரம் எழும். எழுவதற்குள் அந்த மூன்றாவது சத்தம் அதை மூடிவிடும். அழுகை வந்தது. தாளைப் போட்டுவிட்டு ஃப்ளூட்டுக்காரர்களைத் தேடி ஓடினாள். பட்சோய் வாங்கக்கூடத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவை ஊதுங்க. வந்த வழியாவே அது போயிடும்."

தெக்லா ரூவெலைப் பார்த்தாள். "அது எங்ககிட்ட இல்லடி. தேர்வுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் எத்தனையோ தடவை ஊதிப் பார்த்துட்டோம். எவ்வளவு உயரத்துல போனாலும் ரெண்டு சத்தம்தான் கேக்குது. மூணாவது வரல."

"பொய் சொல்றே. ஊதிக் காட்டு."

"சரி, கேளு."

இருவரும் ஃப்ளூட்டை உதட்டில் வைத்தார்கள். விரல்கள் அசைந்தன, கன்னங்கள் சிவந்தன, ரூவெலின் கழுத்து நரம்பு புடைத்தது. ஊதி முடித்துவிட்டுத் தெக்லா ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஆர்லினுக்கு இரண்டு ஃப்ளூட்டும் கேட்கவில்லை, மூன்றாவது மட்டும்தான் கேட்டது.