துணைச் செயலாளரின் டிராக்டர்

மழை பெய்து கரிசல் பதமாக இருந்தது. இந்த ஈரம் காய்வதற்குள் உழுது உளுந்து விதைத்தாக வேண்டும்; விட்டால் வருஷம் போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் வாடகைக்கு உழ வந்த பால்சாமியண்ணன் டிராக்டர் என் நிலத்து நடுவில் படுத்துக்கொண்டது. கலப்பையைத் தூக்கிவிடும் ஹைட்ராலிக் லிப்ட் தூக்க மாட்டேன் என்றது. ஆயில் கொதித்தது.

அண்ணன் டிராக்டர் உரிமையாளர் சங்கத்தின் துணைச் செயலாளர். அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று எங்கள் ஊர் பரளச்சியில் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் டிராக்டரின் மூக்கை மூடி, சட்டமடித்து, பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார். அதில் கைகூப்பிச் சிரித்தார்.

"ஒன் நெலத்துல கல்லு கெடக்கு முனீஸ்வரி. அதான் சூடாகுது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ராம்குமார் வந்தார். அண்ணன் சொன்னபடி ஆயிலை மாற்றினார், பில்டரை மாற்றினார். கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் கொதித்தது. மீட்டரில் முள் சிவப்பில் நின்றது.

"முள்ளு பொய் சொல்லுது" என்றார் அண்ணன்.

ராம்குமார் பேனருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஆயிலக் குளுர வைக்கிற கூலரு இங்கதான் இருக்கு. காத்து போக வழியில்ல. அதான் ஆயிலு கொதிச்சு லிப்டு தூக்க மாட்டேங்குது. இத அவுத்துருங்க."

"சங்கத்து பேனருப்பா. அவுத்தா நாலு பேரு என்ன நெனப்பாக? வேணும்னா பேனர்ல ஓட்ட போட்டுக்க."

பேனர் ஓரத்தில் சின்னச் சின்னதாக ஆதரவாளர்களின் முகங்கள். பேனரை அடித்துக் கொடுத்தவர்களே அவர்கள்தான். அந்தத் தலைகளை வெட்டச் சொன்னார். நடுவில் இருந்த தன் முகத்தைத் தொடவிடவில்லை. கூலர் இருந்ததோ சரியாக அந்த முகத்துக்குப் பின்னால். தலைகள் போயின, சூடு போகவில்லை. பம்பே போய்விட்டது என்று அவராகவே தீர்ப்புச் சொன்னார். ஆயில் ஆறியதும், பாதி நிலத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அவர் நிலத்தில் டிராக்டர் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பேனரைக் கழற்றிக் கருவேல மரத்து நிழலில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு உழுதுகொண்டிருந்தார். லிப்ட் அருமையாகத் தூக்கியது. நேராக வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிம்மா. மத்தியானத்துக்கு மேல வாரேன்."

"அதுக்குள்ள காஞ்சுரும். இப்பவே வாங்கண்ணே."

"சரி, பேனர மாட்டிக்கிட்டு வாரேன். ரோட்டுல போகணும்ல."

"மாட்டுனா எந்திரிக்க மாட்டேன்."

வந்தார். வெறும் மூக்கோடு டிராக்டர் பஸ் ஸ்டாப்பைக் கடந்தபோது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் பேனர் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விதைப்பு முடியும்வரை அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதற்காக நான் அவரைப் பாதியில் வண்டியை விட்டு இறங்க விடவில்லை.