விளக்கைப் பிடித்திருந்த கை

வெயில் ஏறுவதற்கு முன்னால் படம் எடுத்துவிட வேண்டும் என்பாள் என் மனைவி இன்ஷிரா. மின்யா மாகாணத்தில் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். வெயில் ஏறிவிட்டால் சுவர், மாடி, எதிரே இருக்கும் மலை எல்லாம் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல். அதை அறுத்துத்தான் நாங்கள் சாப்பிட்டோம். போன வருஷம் ரம்பம் என் வலது கையில் நடுவிலிருந்த மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். குவாரிக்காரன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், தைத்தார்கள். அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் இன்ஷிரா காகிதத்தைக் கையில் எடுத்தாள். கலர்க் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, சாக்கு ஊசியில் சுற்றி, சுருளைச் சுருளோடு ஒட்டி, ரமலானுக்கு வீடுகளில் தொங்கவிடும் விளக்கு செய்வாள். உள்ளே சின்ன பேட்டரி விளக்கை வைத்தால் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகச் சிவக்கும். கல்லில் அவ்வளவு நேர்க்கோடு என் ரம்பமே போட்டதில்லை.

பட்டணத்துப் பெண்கள் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள். செய்த பொருளைப் படம் எடுத்துப் போட்டால், பிடித்தவர்கள் கேட்பார்கள். பிளாஷ் போட்டால் சுருளெல்லாம் தட்டையாகிவிடும், வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும் என்று தானாகவே கண்டுபிடித்திருந்தாள். பின்னால் நீலத் துணி ஒன்றைக் கட்டுவாள். திரையில் எங்கே தொடுகிறோமோ அந்த இடம்தான் தெளிவாக விழுமாம். அவள் விரல் எப்போதும் விளக்கின் நடுச்சுருளைத்தான் தொடும்.

ஒரு நாள் காற்று பலமாக அடித்தது.

"ஏங்க, அபூ ஷாஸ்லி! துணி ஆடுது பாருங்க. சும்மாதான நிக்கிறீங்க, இழுத்துப் பிடிங்க."

மகன் பெயரைச் சேர்த்து, 'ஷாஸ்லியின் அப்பா' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்தேன். விளக்கும் பம்பரமாகச் சுற்றியது. அதன் கயிற்றை வலது கையால் பிடித்தேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இடுக்கி மாதிரி சேரும், அந்த மட்டுக்கு உதவும்.

"அசையாதீங்க. மூச்சு விடாதீங்க."

"செத்துட்டா பரவால்லையா?"

"படம் எடுத்த பின்னால சாவுங்க."

அந்தப் படத்தைப் போட்டதிலிருந்து போன் ஓயாமல் கத்தியது. எனக்கு எழுத்துப் படிக்க வராது. சத்தத்தை வைத்துச் சந்தோஷப்பட்டேன். ஒரே நாளில் அத்தனை பேர் விளக்கு கேட்டிருந்தார்கள். அவள் மட்டும் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"நல்லாருக்குன்னு."

மறுநாள் நான் மாடிக்குப் போனபோது துணியின் நான்கு முனையிலும் கிளிப் மாட்டியிருந்தாள். விளக்கு துணிக்கொடியில் தொங்கியது.

"நீங்க போய் டீ குடிங்க. இனிமே நானே பாத்துக்கறேன்."

இறங்கி வந்தேன். கல்லுக்குத்தான் ஆகாத கை என்று நினைத்திருந்தேன், காகிதத்துக்கும் ஆகவில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை.

போனும் அதோடு ஓய்ந்துவிட்டது. கேட்டவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். விளக்குகள் அலமாரிமேல் போர்வைக்குள் குவிந்தன. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நோன்பு பிறந்துவிட்டால் விளக்கை யார் வாங்குவார்கள்?

டீக்கடையில் கினாவி உட்கார்ந்திருந்தான். என்னோடு கல்லறுத்தவன். வாய் சும்மா இருக்காது.

"வாங்க கலைஞரே! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா, காகிதப் பூ சுத்துற மாமா வந்துட்டாரு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னடா உளர்ற?"

"என் வீட்டுக்காரி அந்தக் குழுவுல இருக்காப்பா. உன் கையைப் பாத்துப் பட்டணத்துப் பொம்பளைங்க அழுவுறாளுகளாம். 'அடப் பாவமே, விரலில்லாத கையால இப்படிச் செஞ்சிருக்காரே'ன்னு ஒருத்தி. 'இந்தக் கைக்கு முத்தங்குடுக்கணும்'னு இன்னொருத்தி. முத்தம் வந்துச்சா, இல்ல தபால்ல வருதா?"

"அது நான் செஞ்சதில்ல."

"அதைத்தான் உன் பொண்டாட்டியும் எழுதிட்டாளே. 'செஞ்சது நான், பிடிச்சிருக்கிறது என் வீட்டுக்காரர்'னு. அவ்வளவுதான், ஒருத்தரையும் காணோம்."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னொண்ணு. உன் மகன் குவாரிக்கு வந்து வேலை கேட்டான். ரம்பத்துக்கு ஆள் வேணும்னு நிக்கிறாங்க. பெருநாள் முடிஞ்சதும் வரச் சொல்லியிருக்காரு முதலாளி."

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

இன்ஷிரா மாடியில் இருந்தாள். பச்சையும் தங்க நிறமுமாகப் புது விளக்கு ஒன்று கொடியில் தொங்கியது. கண் நோக ஒரு வாரம் உட்கார்ந்து அதைச் செய்திருந்தாள். நான் போய் அதன் கயிற்றை வலது கையால் பிடித்தேன்.

"விடுங்க."

"எடு."

"கினாவி சொன்னானா? அந்த நாக்கு அழுகிப் போவ." போனை இறக்கினாள். "வேணாங்க. ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிச்சாச்சு. ஷாஸ்லி ரம்பத்துக்குப் போறான், உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. தரையைப் பார்த்தாள்.

"நான்தான் செய்றேன்னு எழுதிட்டேனே," என்றாள். "கண்ணு பூத்துப் போவுது எனக்கு. விரல்ல பசை காஞ்சு தோலு உரியுது. ஒருத்தி, ஒரே ஒருத்தி இந்தச் சுருளைப் பாத்து ஒரு வார்த்தை எழுதல. அத்தனை பேரும் உங்க கையைப் பத்தித்தான் எழுதுனாங்க."

எனக்கும்தான் அந்தக் கை பிடிக்கவில்லை. ஊரில் யார் வந்தாலும் அதை அங்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறவன் நான்.

"எழுதுனதை அழிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும்."

போனைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். பிறகு கீழே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் சாக்கு ஊசி, இன்னொரு கையில் தங்க நிறக் கீற்று.

"சும்மா புடிச்சா போதாது," என்றாள். "செய்ற மாதிரி இருக்கணும்."

உட்கார்ந்து விளக்கை மடியில் வைத்துக்கொண்டேன். ஊசியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கீற்றை இடது கையால் சுற்றப் பார்த்தேன். பிரிந்தது. மறுபடி சுற்றினேன். தெறித்து ஓடியது. அவள் என் முன்னால் குந்தி, கீற்றை வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று சுற்றினாள். ஊசியோடு அந்தச் சுருளை என் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் செருகினாள். பிரியாமல் இருக்க என் சுண்டுவிரலை அழுத்திவிட்டாள்.

"அசையாதீங்க."

எழுந்து இரண்டடி பின்னுக்கு நகர்ந்தாள். போனைத் தூக்கினாள். இந்தத் தடவை நானாகவே மூச்சை அடக்கிக்கொண்டேன். எதிரே குவாரியில் ரம்பம் ஓட ஆரம்பித்திருந்தது.

அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. வழக்கம்போல் விளக்கின் நடுச்சுருளுக்கு நேராகப் போனது. அங்கே தொடவில்லை. கொஞ்சம் கீழே இறங்கி, என் கையைத் தொட்டது.