பின்ஜன்னல் சோள ரொட்டி

எங்கள் வீட்டில் கோடைக்கு ஒரு வாசனை இருந்தது. அம்மா ஷூ பெட்டியில் மெழுகுத்தாள் விரித்து, வறுத்த கோழியும் அவித்த முட்டையும் அடுக்கி, நூலால் கட்டி, காரின் பின்சீட்டில் எங்கள் காலடியில் வைப்பாள். டெட்ராய்ட்டிலிருந்து அலபாமாவுக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற வழியில், கறுப்பர்களுக்கு நாற்காலி போடுகிற ஓட்டல் அபூர்வம். அதெல்லாம் எனக்கும் தங்கை லோரினுக்கும் உறைத்ததில்லை. பெட்டியைத் திறக்க அப்பா எப்போது சம்மதிப்பார் என்பதுதான் எங்கள் கவலை. இன்றைக்கும் அந்தப் பெட்டிக்காக ஏங்குகிறேன், சொல்ல வெட்கமில்லை.

டென்னஸியை எட்டுவதற்குள் பெட்டி காலியாகிவிடும். அங்கே ஒரு சாலையோர ஓட்டலில், கறுப்பர்களுக்கென்று இருந்த பின்ஜன்னலில் சமையல்காரி வில்லி மே சோள ரொட்டி கொடுப்பாள். அவளும் எங்களைப் போலக் கறுப்புப் பெண்தான், ஆனால் நிமிர்ந்தே பார்க்க மாட்டாள். ரொட்டி செங்கல் மாதிரி இருக்கும். அவளுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவன் கொத்தனாராகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மா வருடம் தவறாமல் சொல்வாள். நாங்களும் வருடம் தவறாமல் சிரிப்போம்.

அறுபத்து நான்காம் வருடம் ஜூலையில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. நிறம் பார்த்து ஓட்டலில் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அடுத்த மாதம் பயணம். அம்மா பெட்டி கட்டவில்லை. பிள்ளைகள் பசியில் என்ன செய்வார்கள் என்று அப்பா பதறினார்.

"பெட்டி இருந்தா நீங்க வண்டிய நிறுத்தவே மாட்டீங்க. எனக்கு மேசைல உக்காந்து சாப்பிடணும்" என்றாள் அம்மா.

டென்னஸியில் வண்டி நின்றபோது எங்களுக்குக் குடல் சுருண்டிருந்தது. அம்மா சர்ச்சுக்குப் போகிற மாதிரி கையுறை மாட்டியிருந்தாள். அப்பாவோ இறங்கியதும் பழக்கதோஷத்தில் நேரே பின்ஜன்னலுக்கு நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வில்லி மே அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி இங்க வியாபாரம் கிடையாது, தம்பி. முன்வாசல் வழியா வாங்க" என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

முன்னால் போய் உட்கார்ந்தோம். பக்கத்து மேசைப் பேச்சு நின்றுபோனது. பரிமாறுகிற வெள்ளைக்காரப் பெண் எங்கள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தபடி, சாப்பாடு தீர்ந்துவிட்டது என்றாள். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்மா எழவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. வில்லி மே தானே தட்டை ஏந்தி வந்தாள். கல்லாவிலிருந்த முதலாளி முகம் சிவந்து வாயைத் திறந்தார். புதுச் சட்டம் ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். தட்டில் சோள ரொட்டியிலிருந்து ஆவி பறந்தது, மேலே வெண்ணெய் உருகியது.

அம்மா கையுறையைக் கழற்றி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். அது பூப்போல உதிர்ந்தது. வெகுநேரம் மென்றாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நேத்து மிஞ்சினதத்தான் ஜன்னல்ல குடுக்கணும்னு இங்க மொதலாளி போட்ட சட்டம்" என்றாள் வில்லி மே. "அதான் ஒருநாளும் உங்க மொகத்தப் பாக்கல."