வண்டியில் பின்னால் இருந்த பிள்ளை

மரினாவின் அழைப்பு வந்தபோது லூர்தம்மா றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை. மாதா கோவில் மண்டபத்துக்கு வரப்போகும் அத்தனை பேருக்கும் தன் கையால்தான் சாப்பாடு என்று பிடிவாதமாக நின்று, முதல் நாளே கிழங்கும் மீனும் பிரட்டி வைத்திருந்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு, மாப் படியாத சின்ன விரலால் போனைத் தட்டினாள்.

"அம்மா, அப்பாவும் நிக்கிறாரோ?"

"நிக்கிறார். சப்பாத்துக்குப் பொலிஷ் போடுறார், ஏதோ தான்தான் ஓடப்போற மாதிரி. நீ சாப்பிட்டிட்டியோ?"

"அம்மா, நான் இண்டைக்கு ஓடேல்லை."

சட்டியில் இருந்த றோல்ஸ் கறுக்கத் தொடங்கியது. லூர்தம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மரினா அவர்களுடைய ஒரே மகள். பள்ளிக்கூட நாளில் இருந்தே ஓட்டக்காரி. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ அவளுடைய கால்களைப் பார்த்து, பொப்ஸ்லே என்ற பனிச்சறுக்கு வண்டி விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வண்டிக்கு இரண்டு பெண்கள். பனிக்கட்டிப் பாதையில் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, வேகம் பிடித்ததும் பாய்ந்து ஏற வேண்டும். முன்னால் இருப்பவள் ஓட்டுவாள். பின்னால் இருப்பவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்து, கடைசியில் பிரேக் பிடிப்பாள். மரினா பின்னால் இருப்பவள். பிரித்தானிய அணியில் அவளுக்கு இடம் கிடைத்த அன்று, பேக்கரிக்கு வான் ஓட்டும் அவளுடைய அப்பா சவிரிமுத்து, பாண் இறக்கிய கடைகளில் எல்லாம் அந்தச் செய்தியையும் சேர்த்து இறக்கிவிட்டு வந்தார். இன்றைக்கு ஆஸ்திரியாவில் ஒரு மலையூரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். அதைப் பார்க்கத்தான் மண்டபம், பெரிய திரை, றோல்ஸ் எல்லாம்.

"நேற்றுப் பின்னேரம் எங்களைக் கடைசியாத் தள்ளவிட்டுப் பாத்தவை," என்றாள் மரினா. "எங்கட டீமில மற்றப் பிள்ளை அபேனா என்னைவிடக் கொஞ்சம் வேகம். அவள்தான் ஏறுறாள். நான் றிசேர்வ்."

"கொஞ்சம் எண்டால்?"

"கண்ணை மூடித் திறக்கிறதிலும் குறைய."

"அதுக்குப் போயோ? உவ்வளவு பாடுபட்ட பிள்ளையை உதுக்குப் போயோ நிப்பாட்டுவினம்?"

"அம்மா, இதில அது பெரிய தூரம். அவள் நல்லாத் தள்ளினவள். அவ்வளவுதான்." அதுவரை கட்டுக்குள் இருந்த குரல் அந்த இடத்தில் மெலிந்தது. "ஹோலை மட்டும் கான்சல் பண்ணாதைங்கோ. எங்கட டீம்தானே ஓடுது. பிறகு, இன்னொண்டு அம்மா, அபேனாவின்ர அம்மா..."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அழைப்பு அறுந்தது.

சவிரிமுத்து ஒரு கால் சப்பாத்தோடு வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு. கதிரையில் இருந்து, மற்றச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"இஞ்சேரும்," என்றார் பிறகு. "ரெண்டு பேரும் ஹெல்மெட் போடுறவைதானே. உடுப்பும் ஒண்டு. உயரமும் ஒண்டு. பின்னால இருக்கிறது ஆர் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

"திரையில பேர் போடுவாங்கள்."

"கீழதானே போடுறவங்கள். பீடத்தில வைக்கிற பூச்சாடியளைத் திரைக்கு முன்னால வைச்சுவிட்டால் மறையும். திரை போடுற றொனால்டிட்டச் சொல்லிச் சத்தத்தையும் குறைப்பம்."

லூர்தம்மாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. அடுப்பைக் கூட்டிவிட்டு அடுத்த றோல்ஸை எண்ணெயில் போட்டாள். சவிரிமுத்து அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பூசையில் அவளால் மனதை நிறுத்த முடியவில்லை. கிறிஸ்துநாயகம் பாதர் பிரசங்கத்தின் முடிவில் "எங்கள் பங்கின் பிள்ளை மரினாவுக்காகவும் மன்றாடுவோம்" என்று சொன்னபோது, முன்வரிசையில் இருந்த பங்குக்காரி பியற்றிஸ் திரும்பிப் பார்த்து இவளுக்குத் தலையசைத்தாள். லூர்தம்மாவும் அசைத்தாள். கண்ணை மூடினாள். மகளுக்காக என்ன கேட்பது என்று தேடிய மனம், அந்த மற்றப் பிள்ளையின் கால் வழுக்கட்டும் என்று தானாகவே ஒரு சொல்லைக் கொண்டுவந்து வைத்தது. லூர்தம்மா திடுக்கிட்டு, யாரோ பக்கத்தில் நின்று கேட்டுவிட்டதைப் போல நெஞ்சில் சிலுவை போட்டாள்.

மண்டபம் நிரம்பிவிட்டது. சவிரிமுத்துவின் கூட்டாளி றொனால்ட் தன் வேலையிடத்துப் புரொஜெக்டரைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தான். திரைக்கு மேலே மரினாவின் பெரிய படம். திரைக்குக் கீழே, சொன்னபடியே, இரண்டு பூச்சாடிகள். பக்கத்து ஊரான கோலியர்ஸ் வுட்டில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். "எத்தினை மணிக்கு மகள் ஓடுறா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரத்தில தொடங்கும்" என்று லூர்தம்மா ஒவ்வொருவருக்கும் சொன்னாள். பொய்யில்லைத்தானே என்று ஒவ்வொரு முறையும் தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஆபிரிக்கப் பெண். மழைக்கோட்டுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக நீளப் பாவாடை, கையில் மூடிபோட்ட தகரப்பெட்டி. யாரையும் தெரியாத இடத்தில் நிற்பவர்களின் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. லூர்தம்மா கிட்டப் போனாள்.

"நீங்கள்தானே மரினாவின் அம்மா?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். "நான் கிரேஸ். அபேனாவின் தாய். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறேன். காலையில் உங்கள் மகள் எனக்குப் போன் எடுத்தாள். 'தனியாக இருந்து பார்க்காதீர்கள் ஆன்ட்டி, என் அம்மாவிடம் போங்கள், அவர் உங்களுக்கு ஒரு கதிரை வைத்திருப்பார்' என்றாள்." பிறகு குரலைத் தணித்து, "நான் வந்தது சரிதானே?" என்றாள்.

போனில் மரினா சொல்ல வந்தது இதுதான் என்று லூர்தம்மாவுக்கு இப்போது விளங்கியது. தன் இடத்தைப் பிடித்தவளின் தாய்க்குத் தன் வீட்டு மனிதர்கள் நடுவில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள் பிள்ளை. அவள் பதில் சொல்வதற்குள் பியற்றிஸ் இடையில் வந்துவிட்டாள். புது ஆட்களை வரவேற்பது பியற்றிஸுக்குப் பிடித்த வேலை.

"வாங்கோ, வாங்கோ!" என்று தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினாள். "நீங்களும் எங்கள் மரினா ஓடுவதைப் பார்க்க வந்தீர்களா?"

கிரேஸ் சுவரில் இருந்த மரினாவின் படத்தைப் பார்த்தாள். திரைக்கு முன்னால் இருந்த பூச்சாடிகளைப் பார்த்தாள். கடைசியாக லூர்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் ஒரு நொடிதான்.

"ஆமாம்," என்றாள் பியற்றிஸிடம். "மரினாவைப் பார்க்கத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியை மேசையில் வைத்து, கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் போய் இருந்துகொண்டாள்.

லூர்தம்மாவுக்குக் காது மடல் வரை சுட்டது. தன் சொந்த மகளின் பெயரை விழுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியின் மானத்தை அந்தப் பெண் காப்பாற்றியிருக்கிறாள். இன்னும் சில நிமிடத்தில் அவள் பெற்ற பிள்ளை அந்தத் திரையில் ஓடும்போது இந்த மண்டபம் முழுவதும் வேறு பெயரைச் சொல்லிக் கத்தும். அவள் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

லூர்தம்மா நேரே முன்னால் போனாள். றொனால்டின் கையில் இருந்த மைக்கை வாங்கினாள். சவிரிமுத்து அவள் முகத்தைப் பார்த்ததுமே நிலத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ," என்றாள். அவள் இதுவரை மைக் பிடித்ததில்லை; குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "மரினா இண்டைக்கு ஓடேல்லை. காலமையே எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்தது, அதால ஒளிச்சனான். அவளைவிட வேகமா ஓடின பிள்ளையைத்தான் ஏத்தினவை. அபேனா எண்டு பேர். அந்தப் பிள்ளையின்ர அம்மா பின்னுக்கு இருக்கிறா. கிரேஸ். அவவை நான்தான் முன்னுக்குக் கூப்பிட்டிருக்க வேணும்."

மண்டபத்தில் கசமுசவென்று ஒரு சத்தம் ஓடியது. யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். அது மரினாவுக்கா, தனக்கா என்று லூர்தம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் பின்வரிசைக்கு நடந்துபோய்க் கிரேஸின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முன்வரிசையில் தனக்காகப் போட்டிருந்த கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். லூர்தம்மா தானும் இருந்து நிமிர்ந்தபோது, சவிரிமுத்து ஒவ்வொரு கையிலும் ஒரு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு திரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். பாதர் எழும்பி, "றொனால்ட், சத்தத்தைக் கூட்டும்," என்றார். பிறகு கிரேஸிடம் ஆங்கிலத்தில், "பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? அ-பே-னா. சரிதானே?"

"சரிதான் பாதர்," என்றாள் கிரேஸ். கண் கலங்கியிருந்தது.

முதல் ஓட்டத்தில் வண்டி இறங்கியபோது, கூட்டம் இன்னும் முழு மனதோடு கத்தவில்லை. லூர்தம்மாவும்தான். அபேனா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய வேகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்று குத்தியது. மூன்று வருடம் மகளின் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிய கண். அந்தப் பிள்ளை உண்மையிலேயே வேகம். ஒளிக்க ஒன்றுமில்லை. ஒன்பதாவது இடம் என்று திரையில் விழுந்தது. முதல் பத்துக்குள் வந்தாலே எங்களுக்குத் திருவிழா அம்மா என்று மரினா முன்பு சொல்லியிருந்தாள்.

இடைவேளையில் சாப்பிட்டார்கள். கிரேஸின் பெட்டிக்குள் பொரித்த வாழைப்பழத் துண்டுகள், இஞ்சியும் மிளகாயும் போட்டது. பியற்றிஸ் ஒன்றை எடுத்துக் கடித்து, இரண்டாவதையும் எடுத்தாள். "இவவின்ர மகள் என்ன வேலை செய்யிறவ? கலியாணம் கட்டிட்டாவோ?" என்று லூர்தம்மாவிடம் தமிழில் விசாரித்தாள். கிரேஸுக்குச் சொல் விளங்காவிட்டாலும் கேள்வி விளங்கிவிட்டது. "இன்னும் இல்லை. நானும் கேட்டுக் களைத்துவிட்டேன்," என்றாள். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு அவள் விருந்தாளி இல்லை.

இரண்டு ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு; முதல் ஓட்டத்தில் பிந்தியவர்கள் இரண்டாவதில் முந்தி இறங்குவார்கள். ஆகவே தங்கள் வண்டி இறங்கிய பிறகு, மேலே இருக்கும் எட்டு வண்டிகளையும் காத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்று சவிரிமுத்து எல்லாருக்கும் விளக்கினார். வண்டி புறப்பட்டது. நடுவில் ஒரு வளைவில் அதன் பக்கம் பனிச்சுவரில் உரசியது. கிரேஸின் நகம் லூர்தம்மாவின் உள்ளங்கையில் பதிந்தது. லூர்தம்மா தன்னை அறியாமல் எழும்பிவிட்டாள்.

"விடாதை பிள்ளை! தலையைக் குனி! குனி!"

அவள்தான் கத்தினாள். காலையில் அந்தப் பிள்ளையின் கால் வழுக்கட்டும் என்று நினைத்த அதே லூர்தம்மா. அதன் பிறகு மண்டபமே கத்தியது. ஓட்டுபவள் வண்டியை நேராக்கிவிட்டாள். அடிவாரத்தில் எண்கள் பச்சையாக விழுந்தன. அதுவரை இறங்கியவர்களில் முதலிடம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அவதி. ஒன்று, இரண்டு, மூன்று வண்டிகள் வந்தன, மூன்றும் பிந்தின. ஒவ்வொன்றுக்கும் பாதர் உட்பட எல்லாரும் குதித்தார்கள். நான்காவது முந்திவிட்டது. அதற்குப் பின் வந்த நான்கும் முந்தின. ஆறாவது இடம்.

ஒருவருக்கும் அது குறைவாகத் தெரியவில்லை. சவிரிமுத்து றொனால்டைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் படக்கருவி ஓரத்தில் நிறுத்தியிருந்த பிரித்தானிய வண்டியின் பக்கம் திரும்பியது. அணியின் தடித்த ஜாக்கெட்டோடு ஒருத்தி பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்த அபேனாவை இடுப்போடு சேர்த்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மரினா. முகம் முழுக்க அழுகையும் சிரிப்பும். பிறகு இருவரும் குனிந்து, பாரமான அந்த வண்டியை மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினார்கள்.

"உங்கள் மகள்," என்றாள் கிரேஸ்.

"ஓம்," என்றாள் லூர்தம்மா, ஆங்கிலத்தில் சொல்ல மறந்துபோய். கண்ணைத் துடைக்கவும் மறந்துபோனாள்.

கதிரைகளை அடுக்கி முடிந்ததும் கிரேஸை பஸ் தரிப்பிடம் வரை கூட்டிப்போனாள் லூர்தம்மா. தூறல் விட்டிருந்தது. இருவரும் நின்றுகொண்டிருந்தபோது மரினா வீடியோவில் வந்தாள். பக்கத்தில் அபேனாவின் முகமும் இடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அம்மா, கேளுங்கோ! இந்த ஆறாவது இடத்தால அடுத்த பருவம் எங்களுக்கு ரெண்டாவது வண்டியும் தரப்போகினமாம். இப்பத்தான் கோச் சொன்னவர். இலையுதிர்காலத்தில திரும்பத் தள்ளிப் பாப்பினம். நான் விடேல்லை, ஓடப்போறன்."

"நீ ஓடு," என்றாள் லூர்தம்மா. "அடுத்த முறை நீதான் அவளை வெல்லவேணும். சொல்லிப்போட்டன்."

"அம்மா! அவள் பக்கத்தில நிக்கிறாள்!"

"நிக்கட்டும். அவளுக்குத் தமிழ் தெரியாதுதானே."

என்ன சொன்னீர்கள் என்று கிரேஸ் கேட்டாள். லூர்தம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடியே ஆங்கிலத்தில் சொன்னாள். கிரேஸ் தலையைப் பின்னால் சாய்த்து, தரிப்பிடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். போனை வாங்கித் தன் மொழியில் மகளிடம் படபடவென்று ஏதோ சொன்னாள்.

"நானும் அதையேதான் சொன்னேன்," என்றாள் லூர்தம்மாவிடம். "அடுத்த போட்டிக்கு நீங்கள் தோர்ண்டன் ஹீத்துக்கு வாருங்கள். எங்கள் தேவாலயத்துத் திரை இதைவிடப் பெரியது. பாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்."

"எல்லாரையும் கூட்டிவரலாமா?"

"எல்லாரையும். பூச்சாடிகள் மட்டும் வேண்டாம்."

லூர்தம்மாவுக்கு முகம் சிவந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிவப்புப் பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் இருவரும் அவசரமாக நம்பர் மாற்றிக்கொண்டார்கள்.